ஒற்றையும் ஊழும்

எந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினாலும் 'ஆட்', 'வியர்ட்' என்ற இரண்டு சொற்களுக்கும் எதிரே ஏறத்தாழ ஒரே வரிசைதான் நிற்கும்: விசித்திரமான, வினோதமான, வழக்கத்துக்கு மாறான. (ஒற்றைப்படை எண்ணைப் பள்ளியில் 'ஆட் நம்பர்' என்று படித்தோமே, அந்த ஆட்.) மொழிபெயர்ப்பவர்களும் அவசரத்தில் இரண்டையும் 'விசித்திரம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் குடி முழுகிப் போவதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை ஆங்கிலம் பேசி வளர்ந்த பத்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஒரு காலில் கறுப்பு, மறுகாலில் நீலம் எனக் காலுறை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் அலுவலகம் வந்தால் அது ஆட் சாக்ஸ். இரண்டு காலிலும் ஒரே நிறம்தான், ஆனால் கணுக்கால் பக்கம் பின்னப்பட்ட ஒரு கண் உங்களையே முறைக்கிறது என்றால் அது வியர்ட் சாக்ஸ். முதலாவதில் காலுறைகள் மீது எந்தக் குற்றமும் இல்லை, ஜோடிதான் தவறிவிட்டது. இரண்டாவதில் ஜோடி சரியாக இருக்கிறது, சங்கடம் பார்க்கிறவருக்கு. 'ஆட் ஜாப்ஸ்' என்றால் எடுபிடி வேலை: இன்று வேலிக்குச் சுண்ணாம்பு, நாளை தண்ணீர்க் குழாய், மறுநாள் ஒன்றுமில்லை. 'வியர்ட் ஜாப்' என்றால் கேட்டவர் புருவத்தை உயர்த்துகிற வேலை, மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தாலும். ஒன்றன் இடத்தில் மற்றதை வைத்துப் பாருங்கள், வாக்கியம் பிழைக்கும், பொருள் பிழைக்காது.

ஆட் என்பது பொருளைப் பற்றிய செய்தி. வியர்ட் என்பது பார்ப்பவரைப் பற்றிய செய்தி. இந்த வேறுபாடு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. முதற்சொல் எண்ணிக்கையில் பிறந்தது, அடுத்தது அச்சத்தில்.

ஆட் அசல் ஆங்கிலச் சொல் அல்ல. 9ஆம் நூற்றாண்டு முதல் கப்பலேறி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று. முட்டையைக் குறிக்கும் எக், கத்தியைக் குறிக்கும் நைஃப், வானத்தைக் குறிக்கும் ஸ்கை எல்லாம் அவர்கள் கொடுத்தவையே. அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியில் 'ஒட்ர்' என்றால் ஈட்டி, அம்பு போன்ற ஆயுதத்தின் கூர்முனை. அதிலிருந்து கிளைத்த 'ஒட்டி', தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைக்குப் பெயரானது. ஐஸ்லாந்தின் பழங்கதைகளைத் தொகுத்த ஸ்நோரி ஸ்டர்லுசன் வளர்ந்த ஊருக்கு ஒட்டி என்றே பெயர். நிலமுனையிலிருந்து முக்கோணத்துக்குத் தாவியது அந்தச் சொல். முக்கோணத்தில் இரண்டு முனைகள் அடியில் ஒன்றுக்கொன்று துணையாக இருக்க, மூன்றாவது தனியே தூக்கி நிற்கிறது. துணையற்ற அந்த மூன்றாவதிலிருந்துதான் ஒற்றைப்படை எண் என்ற பொருள் வந்தது. ஈட்டிமுனையில் தொடங்கிக் கணக்குப் பாடத்துக்கு வந்துசேர்ந்த பயணம்.

இங்கே கவனிக்க வேண்டியது, நார்ஸ் மொழியில் இந்தத் தனி முனைக்கு இழுக்கு எதுவும் கிடையாது என்பது. இருவர் வழக்காடி இரண்டு பக்கமும் சரிசமமாக நிற்கும்போது, நடுவில் நின்று தீர்ப்பைச் சாய்க்கிற மூன்றாம் ஆளை 'ஒட்டாமாதுர்' என்றார்கள். ஒற்றையாள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய ஐஸ்லாந்திலும் வாக்குகள் சமமாகிவிட்டால் தலைவர் போடும் முடிவு வாக்குக்கு இதே சொல்லின் வழிவந்த பெயர்தான். அங்கே ஒற்றையாள் இல்லாமல் காரியம் முடியாது. ஆங்கிலத்திலோ 'ஆட் மேன் அவுட்' என்றால் கூட்டத்தில் சேராமல் வெளியே நிறுத்தப்பட்டவன். ஒரே ஆள், கடல் தாண்டியதும் நாட்டாமை பதவி போய்விட்டது.

நார்வேயில் ஆட் இன்னும் கௌரவமான ஆண் பெயர். 1969இல் வேதியியலுக்கான நோபல் பரிசை டெரெக் பார்ட்டனோடு பகிர்ந்துகொண்டவர் ஆட் ஹாசல். ஷீயன் நகரில் 1894இல் தொடங்கிய கால்பந்துக் கழகத்தின் பெயரும் ஆட்தான். ஆங்கிலேயர் காதில் வேடிக்கையாக விழும் பெயர்கள் இவை. வைத்தவர்கள் மனத்தில் இருந்தது கூர்முனை.

ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில், 14ஆம் நூற்றாண்டு வாக்கில், ஆட் கணக்குச் சொல்லாகத்தான் இருந்தது. 1400ஐ ஒட்டி அதற்கு ஒரு புகழ்ச்சிப் பொருள்கூட உண்டு: இணையில்லாதவன், ஒப்பற்றவன். விசித்திரம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. இணையில்லாதது உயர்வாகவும் படலாம், ஒட்டாததாகவும் படலாம். ஆங்கிலச் சமூகம் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், சொல் இறங்குமுகத்தில் இருந்த அதே காலத்தில் எண்ணுக்கு மதிப்புக் குறையவில்லை. ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் இரண்டு முறை பெண்களிடம் ஏமாந்த பிறகும் மூன்றாவது முறை கிளம்புகிறான், ஒற்றைப்படையில் அதிர்ஷ்டம் இருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு. அந்த நம்பிக்கை நமக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில் 100 ரூபாய் மொய் எழுத யாருக்குக் கை வரும்? ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடி எடுத்து 101 ஆக்கினால்தான் நிம்மதி.

கணக்கில் இரண்டிரண்டாகப் பிரித்த பிறகு மிஞ்சுவது என்ற பொருள் ஆங்கிலத்தில் எங்கெங்கோ ஒளிந்திருக்கிறது. 'ட்வென்ட்டி ஆட்' என்றால் இருபத்துச் சொச்சம். இந்த இடத்தில் சொச்சத்தைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 'ஆட்ஸ் அண்ட் எண்ட்ஸ்' என்றால் மிச்சம் மீதி, துண்டு துணுக்கு, மேசை இழுப்பறையின் அடியில் கிடக்கும் வகையறா. பந்தயக்காரர்கள் சொல்லும் ஆட்ஸும் இந்த வழிதான். இரண்டு பக்கமும் சமமில்லாதபோது இடையில் நிற்கும் வித்தியாசம் அது.

இனி மற்றது.

வியர்ட் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், வந்தேறி அல்ல. 'வியூர்ட்' என்பது போல ஒலித்திருக்கும். அது பெயரடை அல்ல, பெயர்ச்சொல். பொருள்: விதி. பெயோவுல்ஃப் காவியத்தில் அது பல இடங்களில் வருகிறது. ஆகுதல், நிகழ்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. ஜெர்மன் மொழியில் அந்த வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்னும் பின்னே போனால், திரும்புதல், சுழல்தல் என்ற பொருள் கொண்ட ஒரு இந்தோ-ஐரோப்பிய வேர். லத்தீனில் திருப்புதலைக் குறிக்கும் வெர்ட்டெரேயும், சமஸ்கிருதத்தின் 'வ்ருத்' வேரும் அதே குடும்பம். அந்த வ்ருத் வழியாகத்தான் தமிழுக்குப் பரிவர்த்தனை வந்தது. இலங்கைத் தமிழர் அரசிதழை வர்த்தமானி என்கிறார்களே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். ஆக, கொழும்பில் அமைச்சர் வெளியிடும் வர்த்தமானி அறிவித்தலும், ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் ஸ்காட்லாந்துப் புதர்வெளியில் கிழவிகள் மக்பெத்துக்குச் சொல்லும் குறியும் தூரத்து உறவு. நடக்கிறது, நடக்கப்போகிறது என்று சொல்வதுதான் இரண்டின் வேலையும்.

தமிழில் இதற்கு நேராக வைக்கத் தகுந்த சொல் ஊழ். முதிர்தல், முறை என்ற பொருள்களும் அதற்கு உண்டு. ஒன்று தன் முறைப்படி முதிர்ந்து வந்து நம்மேல் விழுகிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் சுழற்சி, தமிழ்ச் சொல்லில் முதிர்ச்சி. இரண்டிலும் மனிதனுக்கு அதில் கை இல்லை. நார்ஸ் புராணத்தில் உலக மரத்தின் அடியில் மூன்று பெண்கள் இருந்து மனிதர்களின் விதியை முடிவு செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயர் ஊர்த்ர். வியர்டும் அந்தப் பெயரும் ஒரே சொல்.

கிறிஸ்தவம் வேரூன்றியபின் விதி என்ற பெயர்ச்சொல் இங்கிலாந்தின் தெற்கில் மெல்ல மறைந்தது. ஸ்காட்லாந்தில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. அங்கே 1420 வாக்கில் ஆண்ட்ரூ ஆஃப் விண்டவுன் எழுதிய செய்யுள் வரலாற்றில் மக்பெத்தின் கனவில் மூன்று 'வியர்ட் சகோதரிகள்' வருகிறார்கள். விதிச் சகோதரிகள் என்றுதான் அங்கே பொருள். 1577இல் வந்த ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பும் அவர்களை விதியின் தெய்வங்களாக இருக்கலாம் என்கிறது. அதில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. குதிரைமேல் மக்பெத்தும் அவன் தோழன் பாங்க்வோவும், எதிரே மூன்று பெண்கள். அந்தப் பெண்களைப் பார்த்தால் ஏதோ பிரபு வீட்டு விருந்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நல்ல உடை உடுத்தி நிற்கிறார்கள். தாடியும் இல்லை, கந்தலும் இல்லை.

தாடி ஷேக்ஸ்பியர் கொடுத்தது. 1606ஐ ஒட்டி எழுதிய நாடகத்தில் அவர் அவர்களை வற்றி உலர்ந்த, கந்தல் உடுத்திய, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத உருவங்களாக்கினார். ஆனால் அவர்கள் பெயரில் இருந்த வியர்டை மாற்றவில்லை. 1623இல் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு வந்தபோது அச்சுக் கோத்தவர்களுக்கே இந்தச் சொல் பிடிபடவில்லை போலிருக்கிறது. ஒரு இடத்தில் 'வேவர்ட்' என்கிறது, இன்னொரு இடத்தில் 'வேயர்ட்' என்கிறது. முதலாவது, அடங்காதவள் என்று பொருள்படும் வேறொரு சொல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. 18ஆம் நூற்றாண்டில் லூயிஸ் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர்தான் ஹாலின்ஷெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து வியர்ட் என்று திருத்தினார்.

எழுத்து திரும்பியது, பொருள் திரும்பவில்லை. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்ட் என்றால் விதி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர் கண்முன் கொப்பரையைக் கிண்டும் மூன்று கோரக் கிழவிகள். ஓஹோ, இப்படி இருப்பதற்குப் பெயர்தான் வியர்ட் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லியும் கீட்ஸும் அந்தப் பொருளில், அமானுஷ்யமானது, உள்ளம் கூசச் செய்வது என்ற பொருளில், தாராளமாகக் கையாண்டார்கள். பெயர்ச்சொல் பெயரடையாகிவிட்டது. தமிழில் மக்பெத்தைச் சொல்லும்போது 'சூனியக்காரிகள்' என்று நாம் முடித்துவிடுகிறோம். மேடையில் தெரிவதற்கு அது சரி. ஆனால் நாடகத்தின் முள் வேறு இடத்தில் இருக்கிறது: அவர்கள் மக்பெத்தின் விதியைச் செய்கிறவர்களா, சொல்கிறவர்கள் மட்டுமா? அந்தக் கேள்வியை எழுப்புவதே வியர்ட் என்ற ஒரு சொல்தான். சூனியக்காரி என்றதும் கேள்வி போய், பில்லி சூனியம் மிஞ்சுகிறது.

இந்தச் சகோதரிகளுக்கு எதிரே நிறுத்த ஆட் பக்கத்திலும் மூன்று சகோதரிகள் உண்டு. 1893இல் ஜார்ஜ் கிஸ்ஸிங் எழுதிய நாவல் 'தி ஆட் விமன்'. தலைப்பை 'விசித்திரப் பெண்கள்' என்று மொழிபெயர்த்தால் நாவலே கவிழ்ந்துவிடும். அன்றைய இங்கிலாந்தில் ஆண்களைவிடப் பெண்கள் பல லட்சம் அதிகம். எல்லாரையும் ஜோடி சேர்த்த பிறகு மிஞ்சுகிற பெண்கள் என்ன ஆவார்கள் என்பது பத்திரிகைகளில் ஓயாமல் அடிபட்ட விவாதம். 1862லேயே டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர், பெண்கள் ஏன் தேவைக்கு அதிகமாக இருக்கிறார்கள் என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். ஜோடிக் கணக்கில் விழாமல் மிஞ்சியவர்கள்தான் கிஸ்ஸிங் சொல்லும் ஆட் பெண்கள். தலைப்பில் இருப்பது கழித்தல் கணக்கு.

நாவலில் மேடன் சகோதரிகளின் தந்தை மருத்துவர், திடீரென்று இறந்துபோகிறார். ஆறு பெண்களில் மூவர் எஞ்சுகிறார்கள். ஆலிஸும் வர்ஜீனியாவும் கையிருப்பைக் கணக்குப் பார்த்து, மூலதனத்தைத் தொடாமல் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று திட்டமிடுகிறார்கள். வர்ஜீனியா கடைசியில் ரகசியமாக ஜின் குடிக்கத் தொடங்குகிறாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த இளையவள் மோனிகா, ஒற்றையாக நின்றுவிடக் கூடாதென்று வயது மூத்த ஒருவரை மணந்து, அவருடைய சந்தேகத்தில் சிக்கி மூச்சுமுட்டுகிறாள். ஜோடி சேர்ந்தவளின் கதிதான் மோசம். ரோடா நன் என்ற இன்னொருத்தியோ, இப்படி மிஞ்சியவர்களுக்குத் தட்டச்சும் அலுவலக வேலையும் கற்றுக்கொடுப்பதையே தன் வேலையாக்கிக்கொள்கிறாள். ஸ்காட்லாந்துச் சகோதரிகளுக்கும் லண்டன் சகோதரிகளுக்கும் ஒரு பொதுமை உண்டு: ஆணோடு ஜோடி சேராத பெண்கள் என்ன என்று சமூகத்துக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் அவர்களைக் கண்டு பயந்தது, வியர்ட் என்றது. இன்னொரு காலத்தில் எண்ணிப் பார்த்துக் கவலைப்பட்டது, ஆட் என்றது. பயப்படுவதைவிட எண்ணுவது மேல் என்று தோன்றினாலும், மேடன் சகோதரிகளைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

20ஆம் நூற்றாண்டு வியர்டின் நூற்றாண்டு. 1923இல் அமெரிக்காவில் 'வியர்ட் டேல்ஸ்' என்ற இதழ் தொடங்கி, எச். பி. லவ்கிராஃப்ட் போன்றவர்களின் திகில் கதைகளை வெளியிட்டது. அப்போதும் சொல்லில் பழைய குளிர் கொஞ்சம் இருந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் அதுவும் வடிந்தது. பால் திரிந்த காப்பியும் வியர்ட், பதில் வராத குறுஞ்செய்தியும் வியர்ட். 2000ஆம் ஆண்டு வாக்கில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், ஊரை வியர்டாகவே வைத்திருங்கள் என்ற முழக்கம் காரின் பின்புறம் ஒட்டப்பட்டு, சிறு கடைகளின் விளம்பர வாசகமாகவும் ஆனது. விதி ஒரு பனியனில் அச்சிடப்பட்டு விற்பனைக்கு வந்த இடம் அது.

2010இல் ஜோசஃப் ஹென்ரிக்கும் இரு சக உளவியலாளர்களும் இந்தச் சொல்லின் ஐந்து எழுத்துகளையும் முதலெழுத்துகளாகப் பிரித்தார்கள்: மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, பணக்கார, ஜனநாயக நாட்டு மக்கள். உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் அவர்கள் சுட்டிக்காட்டியது. மனித மனம் இப்படித்தான் என்று பாடப்புத்தகம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சிறு கூட்டத்தின் மனம். சாமர்த்தியமான சொல்லாட்சிதான். ஆனால் கறாராகப் பார்த்தால் அவர்கள் சொல்ல வந்தது ஆட். மற்ற மனிதர்களோடு வரிசையில் வைத்தால் ஓரமாகத் துருத்தி நிற்பவர்கள் என்பது அளந்து சொல்கிற செய்தி, திகில் அல்ல.

2024 அமெரிக்கத் தேர்தலில் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் எதிரணியினரை வியர்ட் என்றார். அது பற்றிக்கொண்டது. அதே இடத்தில் ஆட் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆட் என்றால் எதோடு பொருந்தவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வியர்டுக்குக் காரணம் காட்டத் தேவையில்லை. எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 'ஒரு மாதிரி' வியர்டுக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். 'ஆள் ஒரு மாதிரி' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு தலையாட்டுவார். என்ன மாதிரி என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் இருக்காது. விசித்திரம், வினோதம் எல்லாம் எழுத்தில் வருகிறவை, பேச்சில் இந்த வேலையைச் செய்வது இதுதான். ஆட் பக்கத்துக்கோ நம்மிடம் ஒரே சொல் இல்லை, ஒரு பையே இருக்கிறது: ஒற்றை, சொச்சம், உதிரி, சில்லறை, எடுபிடி, ஒட்டாதது. மொழிபெயர்க்கிறவர் வாக்கியத்தைப் பார்த்துக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான்.

எனக்கு ஆட் மேல்தான் சாய்வு. வியர்ட் இன்று எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு, ஆட் வயதானவர்களின் சொல்போல ஆகிவருவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆட் என்று சொல்ல, கொஞ்சமாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வரிசை எது, ஜோடி எது, எது விட்டுப்போயிற்று என்று தெரிந்திருக்க வேண்டும். வியர்டுக்கு முகத்தைச் சுளித்தால் போதும்.

இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் வருவது, யாரும் எதிர்பாராத வகையில், எண் கோட்பாட்டில். 1972இல் ஸ்டான் பென்கோஸ்கி என்ற கணிதவியலாளர் சில எண்களுக்கு வியர்ட் எண்கள் என்று பெயர் வைத்தார். 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை விட்டுவிட்டால் அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6. கூட்டினால் 16, எண்ணைவிட 4 அதிகம். காரணிகளில் 4ஐ நீக்கிவிட்டால் மிச்சம் சரியாக 12. இது இயல்பான நடத்தை. இப்போது 70. காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74. இங்கும் 4தான் அதிகம். ஆனால் 4ஐ எப்படிக் கழிப்பது? 1ஐயும் 2ஐயும் சேர்த்து நீக்கினால் 3தான் குறைகிறது, அடுத்த காரணி 5, அது அதிகம். எந்தக் காரணிகளைச் சேர்த்தாலும் 70 வராது. வேண்டியதற்கு மேலேயே கையில் இருந்தும் சரியாக எண்ணிக் கொடுக்க முடியாத எண். இப்படிப்பட்டவற்றில் மிகச் சிறியது 70, அடுத்தது 836, அதற்கடுத்தது 4030.

மூன்றுமே இரட்டைப்படை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வியர்டாகவும் ஆடாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் எண் உண்டா? காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைத் தாண்டுகிற முதல் ஒற்றைப்படை எண் 945. அதன் காரணிகளைக் கூட்டினால் 975. அதிகப்படியான 30ஐ 3, 27 என்ற இரண்டு காரணிகளை நீக்கித் தீர்த்துவிடலாம். ஆக 945 தேறவில்லை. 1க்குப் பின்னால் 21 சுழியங்கள் போட்ட எண் வரைக்கும் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபிக்கவும் ஒருவராலும் முடியவில்லை. பென்கோஸ்கியோடு 1974இல் இது பற்றிக் கட்டுரை எழுதிய பால் ஏர்டிஷ், தன் வழக்கப்படி பரிசு அறிவித்தார். அப்படி ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினால் 10 டாலர், இருக்கவே முடியாது என்று நிரூபித்தால் 25. இரண்டுமே இன்னும் பெறப்படாமல் இருக்கின்றன.